இழுவைக் கப்பிக்கு இரும்புக் காடியா, பாலியூரித்தேன் லைனரா?

மொட்டை மாடியில் இருக்கும் மின்தூக்கி இயந்திர அறையின் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது தரையில் கிடந்த தூள்தான். மை போலக் கறுத்திருந்தது. விரலில் எடுத்து வெளிச்சத்தில் காட்டினால் மினுக்கியது. பாதி வார்ப்பிரும்பு, பாதி கம்பிவடம். என்னுடன் வந்திருந்த புதுக்கோட்டைத் தம்பி, கம்பிவடங்கள் படுத்திருக்கும் இழுவைக் கப்பியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “நான்கு வடம் ஒரே மட்டத்தில் நிற்கிறது, ஐந்தாவது மட்டும் ஏன் உள்ளே இறங்கியிருக்கிறது, அண்ணே?” என்று கேட்டான். கப்பியை மாற்றியே ஆக வேண்டும் என்பது அங்கேயே முடிவாகிவிட்டது. எதைப் போடுவது என்பதில்தான் எனக்கும் கட்டடத்தின் நிர்வாகக் குழுவுக்கும் இரண்டு மாதம் இழுத்தது.

சிங்கப்பூரில் பீச் ரோட்டை ஒட்டிய 12 மாடி அலுவலகக் கட்டடம் அது. முன்பிருந்ததைப் போலவே அடிவெட்டுக் காடி (அடிப்பகுதியை வெட்டி எடுத்த வடப்பள்ளம்) கொண்ட வார்ப்பிரும்புக் கப்பி ஒரு வழி. காடிகளுக்குள் பாலியூரித்தேன் என்ற ரப்பர் போன்ற பிளாஸ்டிக்கில் செய்த லைனர் (உள்ளுறை) பதித்த கப்பி இன்னொரு வழி. ‘வி’ வடிவக் காடியை நான் பேச்சிலேயே சேர்க்கவில்லை. புதிதில் நன்றாகக் கவ்வும். தேயத் தேய அந்த வடிவமும் போகும், பிடியும் போகும். கடைசியில் லைனரைப் போட்டோம். நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இன்றும் கேட்டால் அதையே சொல்வேன், ஆனால் எல்லாக் கட்டடத்துக்கும் அல்ல.

மின்தூக்கியை வடம் கட்டி இழுப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். வடம் கப்பியின் மேல் சும்மா படுத்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரு பக்கம் கூண்டு, மறுபக்கம் கூண்டின் எடையும் முழுச்சுமையில் 40 முதல் 50 விழுக்காடும் சேர்ந்த எதிர்எடை. நடுவில் பிடித்து வைத்திருப்பது உராய்வு மட்டுமே. கப்பியை அரைச்சுற்று தழுவும் வடத்துக்கு உராய்வுக் கெழு (உராய்வு எவ்வளவு என்பதைச் சொல்லும் எண்) 0.1 என்றால், இரு பக்க இழுவிசைகளின் விகிதம் 1.37 வரைதான் தாங்கும். அதற்கு மேல் வழுக்கும். கெழு 0.2 ஆனால் 1.87 வரை தாங்கும்.

எஃகு வடத்துக்கும் வார்ப்பிரும்புக்கும் ஐரோப்பியத் தரநிலை சாதாரண ஓட்டத்துக்கு எடுத்துக்கொள்வது அந்த 0.1தான். போதாது என்பதால் காடியின் அடியை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். வடம் அடியில் உட்காராமல் இரண்டு விளிம்புகளில் நெருக்குண்டு நிற்கும். 90 பாகை அடிவெட்டு, பிடியை ஏறத்தாழ 1.9 மடங்காக்கும். அழகான தந்திரம். ஆனால் அதே சுமை குறைந்த பரப்பில் விழுகிறது. வடத்தின் வெளிக்கம்பிகள் தட்டையாகித் தெறிக்கத் தொடங்குகின்றன. லைனர் காடியின் வடிவத்தை நம்புவதில்லை, பொருளை நம்புகிறது. வட்டமான இருக்கையில் வடத்தின் கீழ்ப்பாதி முழுவதும் படுத்துக்கொள்கிறது. அழுத்தம் குறைவு, பிடி அதிகம், சத்தமும் குறைவு. முதல் விலை லைனருக்குக் கூடுதல். அதை மறைக்க முடியாது.

நான் முடிவெடுத்தது இவற்றையெல்லாம் வைத்தல்ல. தேய்மானம் எங்கே விழுகிறது என்பதை வைத்து. ஐந்தாவது வடத்தின் கணக்கைப் பாருங்கள். வடம் 13 மில்லிமீட்டர். கப்பி அதைப் போல் 40 மடங்கு, 520 மில்லிமீட்டர். ஒரு காடி மட்டும் 1 மில்லிமீட்டர் ஆழமாகத் தேய்ந்தால், ஒவ்வொரு சுற்றிலும் அந்த வடம் மற்றவற்றைவிட 6 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் குறைவாக நகரும். 30 மீட்டர் ஏறுவதற்குள் கப்பி 18 முறைக்கு மேல் சுற்றிவிடும். 11 சென்டிமீட்டருக்கும் மேல் பாக்கி! எல்லா வடங்களும் ஒரே கூண்டைத்தான் தூக்குகின்றன. ஆகவே அந்தப் பாக்கியை வழுக்கித்தான் தீர்க்க வேண்டும். வழுக்கினால் தேயும், தேய்ந்தால் இன்னும் வழுக்கும். எறும்பு ஊர்ந்து கல் தேய்ந்த கதையில் எறும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. இங்கே வடமும் சேர்ந்து தேய்கிறது.

இரும்புக் காடி அந்த நிலைக்கு வந்தால் கடைந்து சமப்படுத்தலாம், ஆனால் அடிவெட்டின் ஆழம் தீரும்வரைதான். பிறகு கூண்டைத் தொங்கவிட்டு, எதிர்எடைக்கு முட்டுக்கொடுத்து, வடங்களைக் கழற்றி, கப்பியை இறக்கி, புதியதை ஏற்ற வேண்டும். மின்தூக்கி பல நாள் நிற்கும். லைனர் துண்டு துண்டாக வருகிறது. கூண்டைத் தொங்கவிட்டு வடங்களைத் தளர்த்தும் வேலை அதற்கும் உண்டு, ஆனால் கப்பி அச்சிலேயே இருக்கும். ஒரு முறை மாற்றியிருக்கிறோம். காலை 9 மணிக்குத் தொடங்கி இருட்டுவதற்குள் ஓட்டிவிட்டோம். ஒன்று மட்டும் தேய்ந்திருந்தாலும் ஐந்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும். புதியதையும் பழையதையும் கலந்தால் அதே உயர வேறுபாடு திரும்ப வந்துவிடும்.

எங்கள் மின்தூக்கி நாள் முழுவதும் நின்று நின்று ஓடுவது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளிலும் அதே நிலைதான்: 2001இல் தொடங்கிய மேம்பாட்டுத் திட்டத்துக்கு முன் சில மாடிகளில் மட்டும் நின்றவை, பிறகு எல்லா மாடிகளிலும் நின்றன. ஒவ்வொரு புறப்பாடும் ஒவ்வொரு நிறுத்தமும் காடியில் ஓர் உரசல்.

லைனரில் இரண்டு வம்புகள் உண்டு. முதலாவது, அளவுக்கு மேற்பட்ட பிடி. எதிர்எடை அடியில் மோதலைத் தாங்கும் பஃபரின் மேல் உட்கார்ந்த பிறகும் மோட்டார் சுற்றினால், வடம் வழுக்க வேண்டும். காலிக் கூண்டு மேலும் ஏறிக் கூரையில் இடிக்கக் கூடாது. “எங்கள் லைனர் வழுக்கவே வழுக்காது” என்று ஒரு விற்பனையாளர் பெருமையாகச் சொன்னபோது அவருக்கு ஒரு தே-ஓ (பால் சேர்க்காத தேநீர்) வாங்கிக்கொடுத்து அனுப்பிவிட்டேன். லைனர் கிழிந்தாலோ கருகினாலோ வடம் கீழே விழுந்து உட்கார ஓர் இரும்புக் காடி இருக்கிறதா, அது கூண்டை நிறுத்துமா என்பதையும் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

இரண்டாவது, நம் ஊர் ஈரம். எஸ்டர் வகைப் பாலியூரித்தேன் எண்ணெயையும் உரசலையும் நன்றாகத் தாங்கும். சூட்டோடு ஈரமும் சேர்ந்தால் நீர் அதன் பிணைப்புகளைப் பிரித்து, உள்ளுக்குள் உளுத்துப்போகும். ஈதர் வகை ஈரத்துக்கு அசராது, எண்ணெயில்தான் கொஞ்சம் ஊதும். குளிரூட்டி இல்லாத அறை என்பதால் ஈதரை எடுத்தேன். வடத்தில் எண்ணெய் வழியவிடும் பழக்கத்தையும் நிறுத்தினோம். இப்போது துணியில் தொட்டுத் துடைப்பதோடு சரி.

இயக்க அனுமதிக்கான ஆண்டுச் சோதனைக்கு முன்னால் நாங்களே ஒரு சோதனை செய்துகொள்கிறோம். காலிக் கூண்டை ஒரு மாடியில் நிறுத்தி, வடத்தின் மேலும் கப்பியின் விளிம்பிலும் ஒரே நேராகச் சுண்ணக்கோடு. மேலே போய்க் கீழே வந்து அதே மாடியில் நின்றதும் இரண்டு கோடுகளும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்று பார்ப்போம். பழைய கப்பியில் மூன்று விரற்கடை. இப்போது ஒரு விரல் நகத்தின் அகலம். வடம் இழுபட்டுச் சுருங்குவதால் வரும் நகர்வு எந்தக் கப்பியிலும் கொஞ்சம் இருக்கும்.

என் அனுபவம் நடுத்தர உயரத்தோடு முடிகிறது. பாலியூரித்தேன் சூட்டைக் கடத்தாது; வேகமாக ஓடும் உயரக் கட்டடத்துக்கு என்னைக் கேட்டால், தயங்கி, இரும்புப் பக்கம் சாய்வேன். 2000இல் ஓட்டிஸ் நிறுவனம் கொண்டுவந்த ஜென்2 மின்தூக்கியில் அதே பாலியூரித்தேனைக் காடியிலிருந்து எடுத்து வடத்துக்கே போர்த்திவிட்டார்கள். அது வேறு கணக்கு.

உபரியாக வாங்கிய ஒரு செட் லைனரை இயந்திர அறையில் வைக்கவில்லை. வாங்கிய தேதியை எழுதி, குளிரூட்டிய அலுவலகத்தில் என் மேசைக்கடியில் வைத்திருக்கிறேன். காலை நீட்டும்போதெல்லாம் இடிக்கிறது.