பாமினியில் கிடக்கும் பழைய புத்தகம்: மாற்றியா, ஓசிஆரா, மறு தட்டச்சா?

எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலைப் பற்றிப் பெரியப்பா 2003-ல் ஒரு புத்தகம் எழுதினார். 184 பக்கம். பிரதிகள் தீர்ந்து பல வருடம் ஆகிவிட்டது, மறுபதிப்பு வேண்டும் என்று ஊரில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அந்த வேலை என் கைக்கு வந்தபோது இருந்தவை இரண்டுதான்: ஓரம் மடிந்த ஒரு அச்சுப் பிரதி, பழைய சிடியிலிருந்து எடுத்த ஒரு வேர்ட் கோப்பு. கோப்பைத் திறந்தால் தமிழையே காணோம். பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்து கிடந்தன.

இதே நிலையில் நிறையப் பேர் இருப்பார்கள். சங்க மலர், ஆய்வேடு, அப்பாவின் கவிதைகள் என்று ஏதோ ஒன்று இப்படிப் படிக்க முடியாமல் கிடக்கும். அதைத் திரும்பத் தமிழாக்க மூன்று வழி இருக்கிறது. கோப்பை எழுத்துரு மாற்றி என்ற மென்பொருளில் போடலாம், அச்சுப் பிரதியை ஸ்கேன் செய்து ஓசிஆர் (படத்தில் இருக்கும் எழுத்தைப் படித்துத் தரும் மென்பொருள்) மூலம் எழுத்தாக்கலாம், அல்லது யாரிடமாவது கொடுத்து முழுவதையும் மறுபடி தட்டச்சு செய்யலாம். மூன்றிலும் ஓர் அத்தியாயம் செய்து பார்த்துவிட்டுத்தான் முடிவெடுத்தேன். உயிருள்ள கோப்பு கையில் இருந்தால் மாற்றிதான் என்பது என் கட்சி.

முதலில் அந்தக் குப்பை எழுத்து என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு என்ற எழுத்துக் குறியீட்டில் தமிழ் 1991-லேயே இடம்பெற்றுவிட்டது. ஆனாலும் நம் தட்டச்சு மையங்களில் அதற்கப்புறமும் பல வருடம் அவரவருக்குப் பழகிய எழுத்துருவில்தான் வேலை நடந்தது. 1999-ல் தமிழக அரசு டாம், டாப் என்ற இரண்டு குறியீடுகளை ஏற்றது, 2010-ல்தான் யூனிகோடுக்கு மாறியது. பாமினி போன்ற எழுத்துருவில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவம் உட்கார்ந்திருக்கும். ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று வரிசையாக இருந்தால் அதுதான் ‘தமிழ்’. எழுத்துரு இல்லாத கணினியில் சட்டை கழன்று உள்ளே இருப்பது தெரிகிறது, அவ்வளவுதான். கோப்பு கெட்டுப்போகவில்லை. அதை யூனிகோடுக்குக் கொண்டுவருவதுதான் மாற்றியின் வேலை.

என்ன எழுத்துரு என்று தெரிய, எழுத்தின் மேல் கர்சரை வைத்து வேர்டில் எழுத்துருப் பெட்டியைப் பாருங்கள். அந்த எழுத்துரு உங்கள் கணினியில் இல்லாவிட்டாலும் பெயர் அங்கே இருக்கும். சாதாரண ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தால் பெரும்பாலும் பாமினி வகை. தலையில் கோடும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தால் டிஸ்கி, டாப் போன்ற பழைய குறியீட்டு வகை. பிடிஎஃப் மட்டும் இருந்தாலும் மனம் தளர வேண்டாம். ஒரு பத்தியைப் பிரதியெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். ஆங்கிலக் குப்பையாக வந்தால் அது நல்ல செய்தி, மாற்றியில் போட்டுவிடலாம். எழுத்தைத் தேர்ந்தெடுக்கவே முடியவில்லை என்றால் உள்ளே இருப்பது படம், ஓசிஆர்தான் வழி.

மறு தட்டச்சைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு போகும், நாளும் ஆகும். தட்டச்சு செய்பவர் நன்றாகத் தமிழ் தெரிந்தவராக இருந்தால் பிழை குறைவு. என் பயம் வேறு. ஒரே சொல்லில் தொடங்கும் இரண்டு வரிகளில் கண் தாவி ஒரு வரி விட்டுப்போகும். விட்டுப்போனது தெரியாதபடி வாக்கியம் சரியாகவே ஓடும். எனக்குத் திரும்பி வந்த அத்தியாயத்தில் இப்படி ஓரிடம் இருந்தது. மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டிருக்காவிட்டால் கண்டிருக்க மாட்டேன்.

ஓசிஆர் இன்று வெகு தூரம் வந்துவிட்டது. கூகுள் டிரைவில் படத்தையோ பிடிஎஃப்பையோ ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் தமிழ் எழுத்தாகவே வந்துவிடுகிறது. கோப்பை வெளியே அனுப்ப விருப்பமில்லை என்றால் டெசராக்ட் இருக்கிறது. இலவசம், நம் கணினியிலேயே ஓடும், தமிழுக்குத் தனித் தரவு உண்டு. தமிழ் விக்கிமூலத்தில் பழைய நூல்கள் ஓசிஆர் வழியாகத்தான் ஏறுகின்றன. அச்சுப் பிரதி மட்டுமே மிஞ்சியிருக்கும் நூலுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய புத்தகம் என்றால் யானைத் தும்பிக்கை போல் வளைந்த பழைய ‘லை’, ‘னை’ வடிவங்கள் வரும், அங்கே கூடுதல் கவனம் வேண்டும்.

பிறகு ஏன் மாற்றி என்கிறேன்? மெய்ப்புப் பார்ப்பதுதான் காரணம். மூன்று வழியிலும் பிழை வரும். ஆனால் மாற்றி ஒரே பிழையை 184 பக்கமும் ஒரே மாதிரி செய்யும். ஓசிஆர் பக்கத்துக்குப் பக்கம் புதுப் பிழை செய்யும்.

என் கதையையே சொல்கிறேன். மாற்றி முடித்ததும் திரையில் எல்லாம் அழகாக இருந்தது. சரிபார்க்க ‘மாரியம்மன்’ என்று தேடினேன். ஒரு இடத்தில்கூட இல்லை என்றது. கண் எதிரே முதல் வரியிலேயே மாரியம்மன் இருக்கிறாள்! எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் விளங்கியது. இருந்தது ‘மாாியம்மன்’. பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்பவர்கள் ‘ரி’, ‘ர்’ எழுத கால் குறியைப் போட்டு மேலே விசிறியோ புள்ளியோ வைப்பது வழக்கம். அச்சில் அது ‘ர்’ போலவேதான் தெரியும். நான் பயன்படுத்திய மாற்றி அந்தக் காலைக் காலாகவே எடுத்துக்கொண்டது. அதனால் ‘அவர்கள்’ என்பது ‘அவா்கள்’ ஆகிவிட்டது. முன்னால் ஒற்றைக் கொம்போ இரட்டைக் கொம்போ இருந்தால் இன்னும் மோசம்: ‘பெரிய’ என்பது ‘பொிய’, ‘சேர்ந்த’ என்பது ‘சோ்ந்த’, ‘புதுச்சேரி’ என்பது ‘புதுச்சோி’. இணையத்தில் இன்றும் பல பக்கங்களில் இதைப் பார்க்கலாம்.

பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் சரி செய்வது சுலபம். கால் குறிக்குப் பின்னால் புள்ளியோ விசிறியோ தமிழில் வரவே வராது. அதனால் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் மாற்றலாம். கால், ஒகர, ஓகரக் குறிகள் மூன்று, அவற்றுக்குப் பின்னால் புள்ளி, இகரம், ஈகாரம் மூன்று. மொத்தம் ஒன்பது தேடி மாற்றல். எளிய உரைக் கோப்பில் வைத்துப் பத்து நிமிடத்தில் புத்தகம் முழுவதும் சரியாகிவிட்டது.

எல்லாமே இப்படிக் கண்ணை மூடிச் செய்யக் கூடியவை அல்ல. ‘பௌர்ணமி’ என்பது ‘பெளர்ணமி’ என்று வந்திருந்தது, அதாவது ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் ‘ள’ எழுத்தும். இதை மொத்தமாக மாற்றினால் வெள்ளிக்கிழமையும் தெளிவும் பாழாகிவிடும். இங்கே சொல்லாகத்தான் போக வேண்டும்: பெளர்ணமி, கெளரவம், மெளனம், பெயர்களில் வரும் செளந்தர். என் கோப்பில் இதற்கு மேல் அதிகம் இல்லை.

இன்னொன்று, நடுவில் வரும் ஆங்கிலச் சொற்கள். மாற்றிக்கு அதுவும் பாமினிதான், ஆகவே படிக்க முடியாத தமிழாக்கிவிடும். மாற்றும் முன்பே வேறு எழுத்துருவில் இருப்பவற்றைத் தேடி, அந்த இடத்தில் ஓர் எண்ணை வைத்துவிட்டு, ஆங்கிலத்தைத் தனியே எழுதி வைத்துக்கொண்டேன். பாமினியில் எண்கள் எண்களாகவே இருப்பதால் அவை பத்திரமாக வந்தன. தடித்த எழுத்து, தலைப்பு அமைப்பு எல்லாம் போய்விடும், அதைத் திரும்பச் செய்யத்தான் வேண்டும்.

ஓசிஆர் பிழைக்கு இந்த ஒழுங்கு கிடையாது. மை மங்கிய இடத்தில் ஒரு புள்ளி போகும், அடுத்த வரியில் போகாது. ‘ஏரி’க்குக் கீழே இருக்கும் சிறு கோடு விழாவிட்டால் ‘எரி’ ஆகும். இரண்டும் சொல்தான் என்பதால் பிழைதிருத்தியும் விட்டுவிடும். கல்வெட்டு ஆண்டில் ஓர் எண் மாறினால் கேட்கவே வேண்டாம். பக்கத் தலைப்பும் பக்க எண்ணும் வாக்கியத்துக்கு நடுவே நுழையும். ஒவ்வொன்றையும் கண்ணால்தான் பிடிக்க வேண்டும். ஓர் அத்தியாயத்துக்கு மாற்றி வழியில் ஒரு மாலைப் பொழுது, ஓசிஆர் வழியில் மூன்று என்பது என் கணக்கு.

மாற்றிகளில் எது என்று கேட்டால், பெயருக்காகச் சண்டை வேண்டாம். என்.எச்.எம். கன்வெர்ட்டர் பலருக்குப் பழகியது. பைத்தான் தெரிந்தவர்களுக்கு ஓப்பன் தமிழ் தொகுப்பில் மாற்றிகள் இருக்கின்றன. உலாவியில் ஒட்டி மாற்றும் தளங்களும் உண்டு, சொத்துப் பத்திரம் போன்றவற்றை மட்டும் அங்கே ஒட்டாதீர்கள். டிஸ்கியில் நான் மாற்றியது இரண்டு கடிதங்கள்தான், பெரிய கோப்புக்கு என் பேச்சை நம்பி இறங்க வேண்டாம். பக்க வடிவமைப்புக்கான பழைய மென்பொருளான பேஜ்மேக்கரின் கோப்பை லிப்ரே ஆபிஸ் 4.4 பதிப்பிலிருந்து திறக்கிறது. அப்படி நான் எடுத்ததும் எட்டுப் பக்கத் துண்டறிக்கை ஒன்றுதான்.

மாற்றி வழியில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. சிடியில் இருக்கும் கோப்புதான் அச்சுக்குப் போன கடைசி வடிவம் என்று நம்பிவிடக் கூடாது. எங்கள் கோப்பில் முன்னுரையே இல்லை. “கடைசி நேரத்துல பிரஸ்ல உக்காந்து சேர்த்ததுப்பா அது” என்றார் பெரியப்பா. அந்த நாலு பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்து ஓசிஆரில் எடுத்தேன். இப்போது தினமும் சாயங்காலம் அவர் அச்சுப் பிரதியைச் சத்தமாகப் படிக்கிறார், நான் திரையைப் பார்த்துக்கொண்டே வருகிறேன். நேற்று 61-ம் பக்கத்தில் நின்றோம். கும்பாபிஷேகத் தேதி அச்சில் ஒன்று, கோப்பில் ஒன்று. பத்திரிகையை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லிப் பரண் மேல் ஏறச் சொன்னார்.