வண்டிக் கோளாறுக்கு யாரிடம் கேட்பது? சக ஓனர், ஸ்கேனர், மெக்கானிக், கம்பெனி சர்வீஸ்: ஓர் ஒப்பீடு

காரில் ஏதாவது கோளாறு என்றால் நம் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. அதே மாடல் வைத்திருக்கும் இன்னொருவரிடம் கேட்கலாம். உள்ளங்கை அளவு ஸ்கேனரைச் செருகி நாமே பார்க்கலாம். தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோகலாம். கம்பெனி சர்வீஸில் விடலாம். எது நல்லது என்று மொட்டையாகக் கேட்டால், அவரவர் தனக்குப் பழகிய வழியைத்தான் சொல்வார். உண்மையில் கோளாறுக்குக் கோளாறு பதில் மாறுகிறது. என் அளவுகோல் ஒன்றுதான்: "இந்தப் பார்ட்டை மாத்துங்க" என்ற பதிலைவிட, "இதை இப்படிச் சோதிச்சுப் பாருங்க" என்ற பதில் பல மடங்கு மேல். நான்கு வழிகளையும் அதை வைத்தே பார்க்கிறேன்.

என்ஜின் மிஸ்ஸிங்

மிஸ்ஸிங் (மிஸ்ஃபயர்) என்றால் ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது. பெட்ரோல் கார். சிக்னலில் நிற்கும்போது உதறுகிறது, மிதித்தால் பிக்கப் இல்லை, செக் என்ஜின் விளக்கு வந்துவிட்டது. விளக்கு நிலையாக எரிகிறதா, மின்னி மின்னி எரிகிறதா என்று முதலில் பாருங்கள். மின்னினால், சிலிண்டரில் எரியாத பெட்ரோல் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அங்கே எரிந்து அதைப் பாழாக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். யாரிடம் கேட்பது என்பதெல்லாம் அப்புறம், முதலில் வண்டியை ஓரங்கட்டுங்கள். நிலையாக எரிந்தால் நிதானமாக விசாரிக்க நேரம் இருக்கிறது.

சக ஓனரிடம் கேட்டால் பெரும்பாலும் வரும் பதில்: "எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு, காயில் மாத்தினேன், சரியாயிடுச்சு." அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் காயில் (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் கொடுப்பது), ஸ்பார்க் பிளக், இன்ஜெக்டர் (பெட்ரோலைத் தெளிப்பது), எங்கோ காற்றுக் கசிவு, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) குறைவு என்று எது போனாலும் வண்டி இதே மாதிரிதான் உதறும். அவருக்குக் காயில், உங்களுக்கு வேறாக இருக்கலாம்.

ஸ்கேனர் ஒரு படி கிட்டே கூட்டிப்போகும். அமெரிக்காவில் 1996 மாடல் முதல் கட்டாயமாகி, பிறகு மற்ற நாடுகளுக்கும் பரவிய, வண்டி தன் கோளாறைத் தானே பதிந்து வைக்கும் ஓபிடி 2 முறைக்கு 16 பின் சாக்கெட் உண்டு. பெரும்பாலும் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும். அதில் ஸ்கேனரைச் செருகினால் பி0300 என்ற கோளாறு எண் (கோட்) வரலாம், அல்லது பி0301, பி0302 என்று வரலாம். முதலாவது, எந்தச் சிலிண்டர் என்று குறிப்பாகச் சொல்ல முடியாத மிஸ்ஃபயர். மற்றவற்றில் கடைசி எண்தான் சிலிண்டர் எண். ஆக எந்தச் சிலிண்டர் என்று தெரிந்துவிட்டது, ஏன் என்று தெரியவில்லை.

நல்ல சக ஓனர் ஒருவர் கிடைத்தால் இந்த இடத்தில் ஸ்கேனரையும் மிஞ்சிவிடுவார். "பி0301 வருதா? ஒண்ணாவது காயிலை மூணாவது சிலிண்டருக்கு மாத்திப் போடுங்க" என்பார். ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில் உள்ள என்ஜின்களில் இது எளிது. என்ஜின் ஆறிய பிறகு கனெக்டரைக் கழற்றி, காயிலைப் பிடித்திருக்கும் போல்ட்டை எடுத்து, லேசாகத் திருகியபடி மேலே இழுத்தால் கையோடு வந்துவிடும். கீழே உள்ள ரப்பர் குழாயில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா, பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் பென்சில் கோடு போல கறுப்புத் தடம் ஓடியிருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தடம்தான் மின்பொறி வழிமாறிப் போன பாதை. இரண்டு காயிலையும் இடம் மாற்றி, ஸ்கேனரில் அந்தக் கோளாறு எண்ணை அழித்துவிட்டு ஓட்டுங்கள். அடுத்து பி0303 வந்தால் குற்றவாளி காயில்தான். பி0301 என்றே மறுபடி வந்தால் காயிலுக்குச் செலவழிக்க வேண்டாம். பிளக்கையும் இதே போல இடம் மாற்றிப் பார்க்கலாம். அதிலும் மாறாவிட்டால் பெரும்பாலும் இன்ஜெக்டரும் கம்ப்ரஷனும்தான் மிச்சம். அதற்கு அழுத்தம் அளக்கும் கேஜ் வைத்திருக்கும் மெக்கானிக் வேண்டும்.

கோளாறு எண்ணை அழிக்கும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கோளாறு வந்த நேரத்தில் என்ஜின் என்ன சூட்டில், எத்தனை ஆர்பிஎம்மில், என்ன வேகத்தில் ஓடியது என்று கம்ப்யூட்டர் பதிந்து வைத்திருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும். மெக்கானிக்குக் கொடுக்க அதைவிட நல்ல தகவல் கிடையாது.

ஸ்கேனரை அப்படியே நம்பிக் கெட்டுப்போகும் இடமும் உண்டு. பி0171 வந்தவுடன் பலர் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றிவிடுகிறார்கள். அந்தக் கோட் சொல்வது, கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்பது மட்டுமே. சென்சார் சேதி சொல்கிற ஆள். அதே ஸ்கேனரில் ஃப்யூயல் ட்ரிம் என்ற எண்ணைப் பாருங்கள். கம்ப்யூட்டர் எத்தனை சதவீதம் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றி ஈடுகட்டுகிறது என்பதுதான் அது. ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது) 20 காட்டி, 2500 ஆர்பிஎம்மில் 5க்கு இறங்கினால் எங்கோ காற்று கசிகிறது. ஐடிலில் உள்ளே போகும் காற்றே கொஞ்சம் என்பதால் கசிவின் பங்கு பெரிதாகத் தெரியும், வேகம் கூடினால் அது அடிபட்டுப் போகும். மாறாக, மிதிக்க மிதிக்க எண் ஏறினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர், காற்றளவு சென்சார் பக்கம் பார்க்க வேண்டும். இந்த ஒரு கணக்கைக் கற்றுக்கொண்டால் ஸ்கேனருக்குக் கொடுத்த காசு திரும்ப வந்துவிடும்.

பி0420 (கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்ற கோட்) வந்தால் மட்டும், அதை மாற்றச் சொல்லி நான்கு பேரில் யார் சொன்னாலும் உடனே கேட்காதீர்கள். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் விலை அதிகம். எக்ஸாஸ்ட்டில் ஓட்டை இருந்தாலும் இதே கோட் வரலாம். சில மாடல்களில் சாஃப்ட்வேர் அப்டேட்டே தீர்வாக இருந்திருக்கிறது, அது கம்பெனி சர்வீஸுக்குத்தான் தெரியும். சக ஓனர்களில் சிலர், சென்சாரை ஏமாற்றும் ஸ்பேசரைப் போடச் சொல்வார்கள். விளக்கு அணையும், புகை அப்படியே இருக்கும். அது வேண்டவே வேண்டாம்.

செல்ஃப் எடுக்காவிட்டால்

இதில் ஸ்கேனரால் பெரிய உதவி இல்லை. சாதாரண மல்டிமீட்டர் போதும். இரவு முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி, 12க்குக் கீழே என்றால் காலி. சாவியைத் திருப்பும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது. என்ஜின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். 12.5லேயே தொடங்கி இறங்கிக்கொண்டே போனால், பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைப் பார்க்க வேண்டும். சில புதிய வண்டிகளில் ஆல்டர்னேட்டரைக் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்துவதால் எண் ஏறி இறங்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

மீட்டர் இல்லாவிட்டால் காது இருக்கிறது. படபடவென்று வேகமாக டிக் டிக் சத்தம் வந்தால் கரண்ட் போதவில்லை. ஒரே ஒரு 'டக்', அதற்கப்புறம் அமைதி என்றால் ஸ்டார்ட்டர் மோட்டார் பக்கம் சந்தேகம். எதற்கும் முன்னால் டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைப் பொடியைச் சுத்தம் செய்து இறுக்கிப் பாருங்கள்.

சக ஓனர்களும் பழைய மெக்கானிக்குகளும் இன்றும் சொல்லும் ஓர் ஆலோசனையை நான் கடுமையாக எதிர்க்கிறேன்: என்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி ஆல்டர்னேட்டரைச் சோதிப்பது. இன்றைய வண்டியில் அப்படிச் செய்தால் வோல்டேஜ் திடீரென்று எகிறி, உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்களையே எரித்துவிடலாம்.

புது பேட்டரியும் இரண்டு நாளில் இறங்குகிறது என்றால் பொறுமையுள்ள மெக்கானிக்தான் வழி. வண்டியைப் பூட்டி, எல்லாம் உறங்கும்வரை காத்திருந்து, எவ்வளவு கரண்ட் கசிகிறது என்று அளக்க வேண்டும். பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்கு மேல் போகக் கூடாது. போனால், எந்த ஃப்யூஸ் வழியாகப் போகிறது என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். நேரம் பிடிக்கும் வேலை, வரிசையில் வண்டிகள் நிற்கும் சர்வீஸ் சென்டரில் இதற்கு நேரம் கிடைப்பது அரிது.

சத்தமும் நடுக்கமும்

சந்தேகமே இல்லாமல் மெக்கானிக். சத்தத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. ஒருவர் 'கடகட' என்பதை இன்னொருவர் 'டொக் டொக்' என்பார். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்று வரும் மெக்கானிக் பாதி நோயைச் சொல்லிவிடுவார். முழுதாக ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது மட்டும் 'டிக் டிக்' என்றால் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் சிவி ஜாயின்ட். வேகத்தோடு ஏறும் 'ஊம்' சத்தம் வலது வளைவில் கூடினால் பெரும்பாலும் இடது வீல் பேரிங், ஏனென்றால் வளைவில் பாரம் அந்தப் பக்கம் சாய்கிறது. குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஸ்டீயரிங் நடுங்கினால் வீல் பேலன்ஸ், பிரேக் மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க்.

கம்பெனி சர்வீஸ் தோற்பது இங்கேதான், அதுவும் திறமைக் குறைவால் அல்ல. நீங்கள் பேசும் ஆள் வேறு, வண்டியில் கை வைக்கும் ஆள் வேறு. இரண்டு நிமிடம் நீங்கள் விவரித்தது ஜாப் கார்டில் 'முன்பக்கம் சத்தம்' என்று சுருங்கிவிடுகிறது. வேலை செய்யப்போகும் டெக்னீஷியனே உங்களோடு ஒரு ரவுண்டு வர வேண்டும் என்று கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் வருவார்கள்.

கம்பெனிக்கே போக வேண்டியவை

வாரண்டியில் இருக்கும் எதுவும், ஏர்பேக், சாவி புரோகிராமிங், சாஃப்ட்வேர். ரீகால் (குறையைச் சரிசெய்யக் கம்பெனியே வண்டியைத் திரும்ப அழைப்பது) இருக்கிறதா என்று, எழுத்தும் எண்ணுமாக 17 இடங்கள் கொண்ட, வண்டிக்கே உரிய விஐஎன் எண்ணைக் கொடுத்துக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். இருந்தால் வேலை பொதுவாக இலவசம். சில கார்களில் பேட்டரி மாற்றியதைக் கூட கம்ப்யூட்டருக்குப் பதிவு செய்ய வேண்டும், மலிவு ஸ்கேனரால் அது ஆகாது.

யாரிடமும் கேட்காமல் செய்ய வேண்டியதும் உண்டு. சிவப்பு ஆயில் விளக்கு வந்தால் அந்த இடத்திலேயே என்ஜினை அணைக்க வேண்டும். டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டால் நிறுத்த வேண்டும், சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் இருப்பதால்தான் கூலன்ட் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திறந்த நொடியில் கொதித்து முகத்தில் பாயும்.

கேட்பதும் சொல்வதும்

சக ஓனரிடம் கேட்கும்போது மாடல், வருடம், எந்த என்ஜின், எத்தனை கிலோமீட்டர், குளிர்ந்த நிலையிலா சூட்டிலா, சமீபத்தில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். கடைசி விவரத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஏர் ஃபில்டர் மாற்றிய மறுநாள் மிஸ்ஸிங் வந்தால், கழன்ற ஹோஸை முதலில் தேட வேண்டும் அல்லவா? இன்னொன்று, கோளாறு வந்தவர்கள்தான் பேசுவார்கள், வராதவர்கள் பேச மாட்டார்கள். ஆகவே "இந்த மாடலே இப்படித்தான்" என்பதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே கேட்க வேண்டும். சரியானதும் "சரியாயிடுச்சு, நன்றி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். எது போயிருந்தது, எப்படி உறுதி செய்தீர்கள் என்று ஒரு வரி சேருங்கள். அடுத்த ஆண்டு அதே விளக்கோடு வருபவருக்கு அந்த வரிதான் வேண்டும்.

மெக்கானிக்கிடம் போகும்போது "காயில் மாத்திடுங்க" என்று சொல்லாதீர்கள். சொன்னால் மாற்றித் தருவார், மிஸ்ஸிங் போகாவிட்டால் பொறுப்பு உங்களுடையது. "பி0301 வருது, ஒண்ணையும் மூணையும் மாத்திப் போட்டேன், அப்பவும் ஒண்ணுலதான் வருது, பிளக்கும் பார்த்துட்டேன்" என்று சொல்லுங்கள். கம்ப்ரஷன் கேஜை எடுத்துக்கொண்டு நேராக அந்தச் சிலிண்டருக்குப் போவார். அவர் ஒரு மணி நேரம் தேடி, பார்ட் எதுவும் மாற்றாமல் ஒரு ஹோஸை மாட்டி அனுப்பினாலும், அந்த ஒரு மணி நேரத்துக்கான கூலியை மனசோடு கொடுங்கள்.