அம்மா ஏன் ஏற்காட்டுக்கு வர மறுத்தார்? சேலத்தில் ஐந்து வாரம்

பிரிட்டனில் நாங்கள் இருக்கும் லெஸ்டரிலிருந்து இந்த முறை ஐந்து வார விடுமுறையில் சேலம் வந்தோம். வந்த இரண்டாம் நாளே பிள்ளைகள் ஏற்காடு போக வேண்டும் என்று ஆரம்பித்துவிட்டார்கள். அம்மா மட்டும் வரவில்லை என்றார். முழங்கால் வலி என்றார், வீட்டைப் பூட்டிவிட்டு வர முடியாது என்றார். இரவு பாத்திரம் கழுவும்போதுதான் உண்மை வெளியே வந்தது.

"இருபது கொண்டை ஊசி வளைவு கண்ணு. நடுவுல வந்துட்டா எங்க எறங்கறது?"

இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசிகிறதாம். வாசலில் சாவியைத் திருப்பும்போதே அடக்க முடியாமல் போகிறதாம். சாயங்காலம் ஆனால் அடி இறங்கி வருவதுபோல, ஏதோ பந்து உட்கார்ந்திருப்பதுபோல ஒரு கனம். எத்தனை நாளாக என்று கேட்டேன். "உன் தம்பி காலேஜ் போனதுல இருந்து." பதினோரு வருடம். அதற்குள் நான் நான்கு முறை ஊருக்கு வந்து போயிருக்கிறேன், ஒரு முறைகூடக் கேட்டதில்லை.

எனக்கு இது தெரியாத விஷயமும் இல்லை. 2021-இல் இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு எனக்கும் கசிவு இருந்தது. அங்கே பிசியோதெரபிஸ்ட்தான் விளக்கினார். முன்னால் இடுப்பெலும்பிலிருந்து பின்னால் வாலெலும்பு வரை தூளி கட்டியதுபோலத் தசைகள் இருக்கின்றன. சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் அந்தத் தூளிதான் தாங்குகிறது. பிரசவம், தீராத இருமல், மலச்சிக்கலில் முக்குவது, வருடக்கணக்கில் பாரம் தூக்குவது, மாதவிலக்கு நிற்பது எல்லாமே அதைத் தளர்த்தும். அம்மாவுக்கு மூன்று பிரசவம். தெருக்குழாயில் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்த வருடங்கள் வேறு.

முதலில் போனது ஒரு தனியார் மருத்துவமனை. ஐந்து நிமிடம்தான் ஆனது. ஸ்கேன் பேப்பரைப் பார்த்துவிட்டு, "வயசாயிடுச்சு, கர்ப்பப்பையை எடுத்துடலாம்" என்று அறுவை சிகிச்சைக்குத் தேதியே கொடுத்தார்கள். அம்மாவை இருமச் சொல்லிப் பார்க்கவில்லை, எப்போது கசிகிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது, இப்போதும் இருக்கிறது. தூளி தளர்ந்து உறுப்புகள் கீழே இறங்குவதைத்தான் இறக்கம் என்கிறார்கள். அது முற்றிப்போனவர்களுக்கு அறுவை சிகிச்சை தேவைப்படும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தாங்கும் தசையைக் கவனிக்காமல் கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால், பிற்பாடு பெண்ணுறுப்பின் மேற்பகுதியே கீழே இறங்க வாய்ப்பிருக்கிறது. அதை யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

அப்புறம் சித்தி மூலமாக இன்னொரு பெண் மருத்துவரைப் பார்த்தோம். அஸ்தம்பட்டிப் பக்கம் சின்ன கிளினிக். மூன்று நாள் எழுதி வரச் சொன்னார்: எத்தனை மணிக்கு என்ன குடித்தார், எப்போது போனார், எப்போது கசிந்தது. அம்மா நாட்காட்டியில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதினார். கசிவுக்குப் பயந்து பகலெல்லாம் தண்ணீரே குடிக்காமல், காபி மட்டும் நான்கு வேளை குடித்திருக்கிறார் என்பது அதில்தான் தெரிந்தது. தண்ணீர் குறைந்தால் சிறுநீர் கடுத்துப்போய்ச் சிறுநீர்ப்பையை உறுத்தும், மலமும் இறுகும். காபியும் அவசரத்தைக் கூட்டும்.

பரிசோதித்துவிட்டு, நடுத்தர இறக்கம்தான், ரிங் வைத்துப் பார்க்கலாம் என்றார். பெசரி என்பார்கள், சிலிகான் வளையம். இரண்டு அளவு வைத்துப் பார்த்தார். நடக்கச் சொன்னார், இருமச் சொன்னார், கழிப்பறைக்குப் போய் வரச் சொன்னார். இரண்டாவது நழுவவில்லை. சில மாதங்களுக்கு ஒருமுறை வந்து கழற்றிச் சுத்தம் செய்து போட வேண்டும், உள்ளே தடவ ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் கிரீம். இறக்கம் சரியானதும் சிலருக்குக் கசிவு கொஞ்சம் கூடும், பயப்பட வேண்டாம் என்றும் முன்கூட்டியே சொன்னார். கனம் அன்றைக்கே போய்விட்டது.

கசிவுக்குப் பயிற்சிதான். இங்கேதான் அலைச்சல். ஆறு பிசியோ சென்டர்களுக்கு போன் செய்தேன். முழங்கால், கழுத்து, முதுகு என்றால் உடனே வரச் சொன்னார்கள். இதைச் சொன்னதும் எதிர்முனையில் ஒரு தயக்கம். கடைசியில் அந்த மருத்துவரே ஒரு லேடி பிசியோவைச் சொன்னார். ஒரு முறைக்கு 400 ரூபாய். திரை போட்டு, என்ன செய்யப்போகிறேன் என்று சொல்லி, அம்மா சரி என்ற பிறகே விரலால் தசை இறுகுகிறதா என்று பார்த்தார். அம்மா இறுக்குவதாக நினைத்துக் கீழே முக்கிக்கொண்டிருந்தார். அப்படியே தொடர்ந்திருந்தால் இறக்கம்தான் கூடியிருக்கலாம்.

"காத்து வெளிய போகாம அடக்குவீங்கல்ல, அந்த மாதிரி இறுக்கி மேல இழுங்கம்மா. வயிறு, தொடை இறுகக் கூடாது, மூச்சைப் பிடிக்கக் கூடாது" என்று சொல்லிக்கொடுத்தார். இறுக்கிய அளவுக்குத் தளர்த்தவும் வேண்டும். எட்டு முறை, தினம் மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். பிரிட்டனில் எனக்குச் சொன்ன கணக்கும் இதேதான். இந்தப் பயிற்சியை 1948-இல் எழுதி வெளியிட்டவர் ஆர்னால்ட் கீகல் என்ற அமெரிக்க மருத்துவர், அதனால்தான் கீகல் என்கிறார்கள். சிறுநீர் போகும்போது நிறுத்தி நிறுத்திப் பழகுவது கூடாது. சிலருக்குத் தசை தளராமல் இறுகியே இருக்கும், அவர்களுக்கு இது வலியைக் கூட்டும். அதனால் யாராவது பார்த்துச் சொல்லிக்கொடுத்த பிறகு செய்வதே நல்லது. தும்மல் வருவதற்கு முன்பே இறுக்குவதையும் அம்மா பழகிக்கொண்டார். கழிப்பறையில் கால் வைக்க ஒரு மணை போட்டிருக்கிறோம், முக்குவது குறைந்திருக்கிறது.

மருந்துக்கடையில் சிறுநீருக்கான மெல்லிய பேட் கேட்டேன். மாதவிலக்கு நாப்கின் அல்லது பெரிய டயப்பர், இரண்டுதான் இருந்தது. ஆன்லைனில் வாங்கினோம்.

தமிழ்நாட்டில் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் நடக்கிறது, தேவைப்படுவோருக்குப் பிசியோவே வீட்டுக்கு வருகிறார். சர்க்கரை, பிரஷர் பார்க்க வரும் பெண்கள் "இருமினா கசியுதாம்மா" என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேட்டால் எத்தனை வீடுகளில் பதில் வரும் என்று யோசிக்கிறேன்.

ஐந்தாவது வாரம் ஏற்காடு போனோம். கசிவு முழுதாக நிற்கவில்லை, அதற்கு இன்னும் மாதங்கள் ஆகும். அம்மா பேட் வைத்துக்கொண்டு வந்தார். வழியில் எங்கும் நிறுத்தச் சொல்லவில்லை. ஏரிக்கரையில் பிள்ளைகள் படகுக்கு ஓடியதும், கூட வந்த சித்தி அம்மாவின் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார்.

"அக்கா, அந்த பிசியோ நம்பர் உங்கிட்ட இருக்குதா?"