உரித்த கோழியா, பாக்கெட் கோழியா?

எங்கள் தெருக் கறிக்கடையில் கோழியை அறுத்ததும் நீல டிரம்முக்குள் போட்டு மூடுவார்கள். படபடவென்று அடித்து அடங்கும். முந்தைய கோழிகளின் இரத்தமும் எச்சமும் டிரம்மின் சுவரிலேயே இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, பாக்கெட் கோழிதான் சுத்தம் என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. நான் அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வயிற்றைக் கெடுக்கும் கிருமிகளான சால்மோனெல்லாவும் கேம்பிலோபாக்டரும் கோழியின் குடலிலும் இறகிலும் பண்ணையிலிருந்தே வருகின்றன. பாக்கெட் கோழி தயாராகும் ஆலையில் இறகு கழல, 50 முதல் 60 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் கோழிகளை வரிசையாக முக்குகிறார்கள். கிருமி அடியோடு சாகும் சூடு அல்ல அது. ஒரு கோழியின் அழுக்கில் அடுத்தது குளிக்கிறது. பிறகு இறகு பிடுங்கும் இயந்திரத்தின் ரப்பர் விரல்கள், ஒன்றில் ஒட்டியதை இன்னொன்றின் தோலில் தேய்க்கின்றன. குடலெடுக்கும் இயந்திரத்துக்கு எல்லாக் கோழியும் ஒரே அளவு. கொஞ்சம் பெரிதோ சிறிதோ வந்தால் குடல் கிழிந்துவிடும்.

தெருக்கடையில் உரித்து வாங்கினால் வெந்நீரும் இல்லை, ரப்பர் விரலும் இல்லை. தோலும் இறகும் சட்டை கழற்றுவதுபோல ஒன்றாக வந்துவிடும். இதுவரை என் ஓட்டு கடைக்குத்தான். (தோலோடு கேட்டால் அங்கும் வெந்நீர் அண்டா வந்துவிடும்.) அதற்குப் பிறகுதான் வம்பு: காலையிலிருந்து இரத்தம் ஊறிய வெட்டுக்கட்டை, ஒரே கத்தி, ஒரே வாளித் தண்ணீர், வெயில்.

ஆலை முந்துவது குளிரில். 4 டிகிரிக்கு இறக்கிவிட்டால் சால்மோனெல்லா பெருகாது. குளிர்விப்பதிலும் இரண்டு கட்சி. அமெரிக்காவில் பெரும்பாலும் குளிர்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, கிருமியைக் கொல்ல குளோரினோ பெராசெட்டிக் அமிலமோ கலக்கிறார்கள். ஐரோப்பாவில் குளிர்காற்று அதிகம். குளோரினில் கழுவிய கோழியை ஐரோப்பிய ஒன்றியம் 1997 முதல் உள்ளே விடுவதில்லை. கடைசியில் கழுவிக்கொள்ளலாம் என்றால் பண்ணையிலேயே கவனம் தளரும் என்பது அவர்கள் வாதம். எனக்கும் காற்றே சரி. பொதுத் தொட்டி கிடையாது, தோலும் காய்கிறது. கேம்பிலோபாக்டர் உலர்ந்த இடத்தில் தாங்காது.

ஒரு மணி நேரத்தில் அடுப்பேறும் என்றால் உரித்த கோழி வாங்குவேன், கட்டையையும் கத்தியையும் கழுவச் சொல்லி. நாளைக்குத்தான் குழம்பு என்றால் பாக்கெட். தொட்டால் சில்லென்று இல்லாததை எடுக்க மாட்டேன். எதுவானாலும் குழாயடியில் கழுவாதே, தெறிக்கும் தண்ணீர் பக்கத்திலிருக்கும் தக்காளிமேல் விழும் என்று வீட்டில் சொல்லிப் பார்த்துவிட்டேன். மஞ்சள் போட்டு மூன்று தண்ணீர் கழுவாத கோழியை அம்மா இன்னும் சட்டியில் போட விடுவதில்லை.