ஆத்தங்குடிப் பூக்கல்: கல்லுக்குக் குறையில்லை, குறை ஊரில்தான்

காரைக்குடியில் வீடு கட்டுகிறவர்கள் தரை வேலைக்கு வரும்போது ஒரு முடிவை எடுத்தே ஆகவேண்டும். குஜராத்தின் மோர்பியிலிருந்து லாரியில் வந்திறங்கும் விட்ரிஃபைடு டைல்ஸைப் போடுவதா, அரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஆத்தங்குடியில் கையால் வார்க்கப்படும் பூக்கல்லைப் போடுவதா என்பதே அது. எங்கள் வீட்டின் முகப்புக்கும் கூடத்துக்கும் பூக்கல்லும், சமையலறைக்கும் குளியலறைக்கும் மோர்பி டைல்ஸும் போட்டோம். அந்தத் தரை மழையையும் கத்திரி வெயிலையும் பார்த்துவிட்ட நிலையில் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். கல்லின் தரத்தை மட்டும் சொன்னால் பாதி விஷயம் விட்டுப்போகும் என்பதால், அந்தக் கல்லுக்காக நம் ஊர் செய்ய வேண்டியதையும் சேர்த்தே சொல்கிறேன்.

வாங்குவதற்கு முன்னால் பட்டறைக்கு நேரில் போய்ப் பார்ப்பது நல்லது. ஒரு சதுரக் கண்ணாடியைத் துடைத்துத் தரையில் வைத்து, அதன்மேல் இரும்புச் சட்டத்தைப் பொருத்தி, உள்ளே பூ வடிவ அச்சை இறக்குகிறார்கள். சிமெண்டும் வண்ணப் பொடியும் கலந்த குழம்பை அச்சின் ஒவ்வோர் அறையிலும் கரண்டியால் ஊற்றிவிட்டு அச்சை மெல்லத் தூக்கும்போது, சிவப்பும் பச்சையும் மஞ்சளும் ஒன்றையொன்று தொட்டபடி, ஆனால் கலக்காமல் நிற்கின்றன. அதன்மேல் உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி ஈரத்தை உறிஞ்ச விட்டு, பிறகு சாந்தை நிரப்பி மட்டம் செய்கிறார்கள். ஓரளவு இறுகிய கல், தண்ணீர்த் தொட்டியில் பல நாட்கள் ஊறிய பிறகே வெளியே காய்கிறது. சூளையும் கிடையாது, பாலிஷ் இயந்திரமும் கிடையாது. அந்தப் பளபளப்பு முழுவதும் கண்ணாடியின் வழவழப்பிலிருந்து வருவது. “கண்ணாடி தானா விடணும்ணே, அவசரப்பட்டு நெம்புனா பூவும் சேந்து போயிரும்” என்றார் அச்சைத் தூக்கிக்கொண்டிருந்தவர். கையில் வண்ணக் கறை படிந்த அந்த மனிதர், அளவுகோல் எதுவும் இல்லாமல் ஒரே கனத்தில் குழம்பை ஊற்றிக்கொண்டே போனதை வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தத் திறமைக்கு நாம் கொடுக்கும் விலை குறைவு என்பதே என் எண்ணம்.

தரையாகப் போட்ட பிறகு இந்தக் கல் தரும் நிறைவு பெரியது. சித்திரை வெயிலில் வெறுங்காலுடன் கூடத்தில் நடந்தால் குளிர்ச்சி தெரிகிறது. புழங்கப் புழங்க மெருகு ஏறுகிறது. பதித்து முடித்ததும் நெல் உமி போட்டுத் தேய்ப்பதும், அவ்வப்போது தண்ணீரில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைப்பதும் இங்கே பழைய வழக்கம். எங்கள் ஆச்சி சொன்ன அந்தப் பக்குவத்தைத் தாண்டி வேறு எதுவும் தேவைப்படவில்லை. ஆசிட் மட்டும் படவே கூடாது. புளித்தண்ணீரும் எலுமிச்சைச் சாறும்கூட சிமெண்டை அரிக்கும் என்பதால், சமையலறையில் இந்தக் கல்லைப் போட வேண்டாம் என்றே சொல்வேன்.

குறைகளும் உண்டு. கையால் கலக்கும் வண்ணம் என்பதால் ஒரு தடவை வந்த கல்லுக்கும் அடுத்த தடவை வந்த கல்லுக்கும் சாயலில் வித்தியாசம் தெரிந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் காய்வது தாமதமாகி, சொன்ன தேதி தள்ளிப்போனது. கல்லை ஏற்றிவந்த லாரிக்காரர்கள் வைக்கோல்கூடப் போடாமல் அடுக்கியதில் மூலை உடைந்த கற்கள் கணிசமாக வந்தன. யார் ஈடு செய்வது என்பதற்குக் கடைசி வரை பதிலே இல்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய சிரமம், பூக்கல் பதிக்கத் தெரிந்த கொத்தனார் கிடைப்பது. கல்லின் கனத்தில் இருக்கும் சிறு வேறுபாட்டைச் சாந்தில் சரிசெய்து, இடைவெளி தெரியாமல் ஒட்டி வைக்கிற கைகள் குறைந்துவிட்டன. இருப்பவர்களைச் சென்னைக்கும் பெங்களூருக்கும் அழைத்துக்கொண்டு போகிறார்கள்.

இவை கல்லின் குறைகள் அல்ல, கல்லைச் சுற்றி ஒரு நகரம் திரளாததன் குறைகள் என்பதுதான் என் உறுதியான கருத்து. மோர்பியில் நூற்றுக்கணக்கான ஆலைகள் அருகருகே இருக்கின்றன. அதனால் சூளை பழுதுபார்ப்பவர், மெருகுக் கலவை விற்பவர், அட்டைப்பெட்டி செய்பவர், லாரி புக்கிங் அலுவலகம் என அத்தனை பேரும் கூப்பிடு தூரத்தில் கிடைக்கிறார்கள். ஓர் ஆலையில் கற்ற நுணுக்கம் தொழிலாளியோடு அடுத்த ஆலைக்கு நடந்து போகிறது. ஒரே தொழில் ஓரிடத்தில் திரளும்போது ஆளும் பொருளும் அறிவும் மலிவாகக் கிடைக்கின்றன என்பதை ஆங்கிலேயப் பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-லேயே விளக்கினார். உலகின் மொத்த உற்பத்தியில் 80 சதவீதத்துக்கு மேல் நகரங்களில் உருவாகிறது என்று உலக வங்கி சொல்வதன் பின்னால் இருப்பதும் இதே விஷயம்தான். வளர்கிற நாட்டில் நகரம் செய்ய வேண்டிய முதல் வேலை, சிதறிக் கிடக்கும் கைத்திறனுக்கு வாங்குபவரையும் பணத்தையும் வண்டியையும் சோதனைக்கூடத்தையும் ஒரே இடத்தில் சேர்த்துக் கொடுப்பது.

செட்டிநாட்டில் அது நடக்கவில்லை என்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் சம்பாதித்தது இரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும்; இங்கே கட்டியது வீடுகளும் கோயில்களும் ஊருணிகளும். பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் கப்பலேறி வந்து இறங்கிய ஊர்களில், அந்தப் பணத்தைத் திரும்பத் திரும்பச் சுழற்றும் தொழில்கள் போதிய அளவுக்கு வேரூன்றவில்லை. 1930-களின் பொருளாதார மந்தமும், பின்னர் போரும், பர்மாவில் நிலங்கள் கைவிட்டுப் போனதும் சேர்ந்து வந்தபோது, பெரிய வீடுகள் பூட்டப்பட்டன. சில இடிக்கப்பட்டு, கதவும் தூணும் விற்கப்பட்டன. வேறு வழியைத் தேடியவர்களும் இருந்தார்கள். மு. சித. மு. சிதம்பரம் செட்டியார் 1937-இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது சென்னை, இரங்கூன் ஆகிய இரு பெருநகரங்களோடு காரைக்குடியிலும் அதே நாளில் கிளை திறந்தார். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால், மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 1948-இல் நேரு இங்கே அடிக்கல் நாட்டினார். இன்று காரைக்குடியில் வாடகை வீடு, மெஸ், புத்தகக் கடை, ஆட்டோ என்று ஓடும் பிழைப்பில் பெரும்பங்கு அந்த ஆய்வகத்தாலும் அழகப்பர் உருவாக்கிய கல்வி நிலையங்களாலும் வந்தது. ஒரு நகரத்தை நகரமாக்குவது எது என்று தெரிந்து செய்த கொடை அது.

2024-இல் காரைக்குடி மாநகராட்சி ஆகிவிட்டது. பெயர்ப் பலகை மாறியதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் பூக்கல் தொழிலுக்கு வேண்டியது இன்னும் வந்து சேரவில்லை. பதிப்பதற்குப் பயிற்சி தரும் ஒரு கூடம், மழையிலும் கல் காய்வதற்குக் கூரையிட்ட பொது இடம், சாயலை ஒப்பிட்டுப் பார்த்து ஆர்டர் கொடுக்க நகருக்குள் ஒரு காட்சிக்கூடம், உடைந்தால் பொறுப்பேற்கும் ஒரு சரக்குப் போக்குவரத்து ஏற்பாடு ஆகியவற்றில் எதற்கும் கோடிக்கணக்கில் பணம் தேவையில்லை. இவை இருந்தால் ஆத்தங்குடி இளைஞர் ஒருவர் கட்டட வேலை தேடிச் சென்னைக்கு ரயிலேற வேண்டிய அவசியம் குறையும். 2011 கணக்கெடுப்பின்படியே தமிழ்நாட்டில் 48 சதவீதத்துக்கு மேற்பட்டோர் நகரவாசிகள். அந்தக் கூட்டம் முழுவதையும் சென்னையும் கோவையும் மட்டுமே தாங்க முடியாது. காரைக்குடி அளவிலுள்ள நகரங்கள் வேலை கொடுத்தாக வேண்டும்.

பூக்கல்லை வாங்கலாமா என்றால், தயங்காமல் வாங்கலாம். கூடத்துக்கும் முகப்புக்கும் அதைவிட நல்ல தரையை நான் பார்க்கவில்லை. தேவையான கல் முழுவதையும் ஒரே தடவையில் ஆர்டர் செய்யுங்கள், உடைவதற்கும் சேர்த்துக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லுங்கள். தை முதல் வைகாசி வரையிலான காலத்தில் வார்க்கச் சொன்னால் கல் நன்றாகக் காயும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கொத்தனாரை உறுதி செய்துகொண்டு, அவர் முன்பு பதித்த ஒரு தரையைப் போய்ப் பார்த்துவிடுங்கள். லாரி வாடகை பேசும்போதே உடைசலுக்கு யார் பொறுப்பு என்பதை எழுதி வாங்கிக்கொள்வதும் அவசியம்.