அப்பாவுக்கு வாயுவாம்

இந்த முறை ஊரில் நான்கு வாரம். கல்யாணம், கோயில் எல்லாம் நல்லபடி முடிந்தது. ஆனால் மனதில் நிற்பது ஒரே ஒரு தாள்தான்: அப்பாவின் இறப்புச் சான்றிதழ்.

லண்டனில் 40 வயது தாண்டினால் 5 வருடத்துக்கு ஒரு தடவை என்ஹெச்எஸ் (அங்கத்திய அரசு மருத்துவ சேவை) உடல் பரிசோதனைக்குக் கூப்பிடும். நர்ஸ் கணினியில் 'இந்தியர்' என்று தட்டிவிட்டு, "பெற்றோர், கூடப்பிறந்தவர்களில் யாருக்காவது 60 வயதுக்குள் இதய நோய் வந்ததா?" என்றார். அப்பா 1998இல், 51 வயதில் போனார். எதனால்? வீட்டில் சொன்னது 'வாயு'. அதை ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன். நர்ஸ் சிரிக்கவில்லை.

சரி, சான்றிதழில் இருக்குமே என்று ஊருக்கு வந்ததும் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகம் போனேன். முதல் நாள், "அந்த வருஷ ரிஜிஸ்டர் பைண்டிங்குக்குப் போயிருக்கு சார்." இரண்டாம் நாள் சர்வர் டவுன். மூன்றாம் நாள் மதியச் சாப்பாடு முடிந்து அவர்கள் திரும்பிய பிறகு கையில் கிடைத்தது. பெயர், தேதி, இடம், முகவரி. காரணத்துக்குக் கட்டமே இல்லை! லண்டனில் பக்கத்து வீட்டுத் தாத்தா இறந்தபோது கொடுத்த தாளில் உடனடிக் காரணம், அதற்கு மூலக் காரணம் என்று வரிசையாக இருந்தது.

"போட மாட்டோம் சார். சட்டமே அப்படி" என்றார் குமாஸ்தா. நம்பாமல் நின்றேன். பழுப்பேறிய புத்தகத்தைப் புரட்டிக் காட்டினார்: பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 1969, பிரிவு 17. பதிவேட்டில் காரணம் இருந்தாலும் தருகிற நகலில் வெளியிடக் கூடாதாம். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். ஆனால் டீ வாங்கிக் கொடுத்தார், கோபப்படவும் முடியவில்லை.

டிரங்குப் பெட்டியில் ஒரு ஈசிஜி தாள் கிடைத்தது. கோடெல்லாம் மங்கி மறைந்து, இளஞ்சிவப்புக் கட்டம்தான் மிச்சம். ஓரத்தில் பேனாவால் எழுதிய அப்பா பெயர் மட்டும் அப்படியே இருந்தது.

கடைசியில் அத்தைதான் ஆதாரம். "வாயுதான்டா தம்பி. இடது கை இழுக்குதுன்னாரு, வேர்த்து ஊத்துச்சு, கோலி சோடா வாங்கியாரச் சொன்னாரு. உங்க பெரியப்பாவுக்கும் 54ல இதே வாயுதான்."

52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில் தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வந்தது. மற்றவர்களைவிடச் சுமார் 6 வருடம் முந்தி. எங்கள் வீட்டு வாயுவும் கணக்காகத்தான் வந்திருக்கிறது.

லிப்போபுரோட்டீன் ஏ என்று ரத்தத்தில் ஒரு கொழுப்புத் துகள் உண்டு, அதிகமானால் மாரடைப்பு ஆபத்து கூடும். பரம்பரையாக வருவது, பெரும்பாலும் ஆயுளில் ஒரு தடவை பார்த்தால் போதும். லண்டனில் கேட்டும் என் டாக்டர் எழுதித் தரவில்லை. இங்கே லேப் தம்பி காலை ஆறரைக்கு பைக்கில் வந்து ரத்தம் எடுத்தார். மறுநாள் வாட்ஸாப்பில் ரிசல்ட். டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போனாலே அதிகம், எனக்கு 78.

அத்தையிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, கிளம்பும்போது பெட்டியில் இஞ்சி மொரப்பா இரண்டு பாக்கெட் வைத்தார்.