மார்சேய் 'உணவு நடை': தலைக்கு 75 யூரோ போன கதை

பிரான்ஸ் பக்கம் போகிறவர்கள், மார்சேயில் 'சாப்பிட்டுக்கொண்டே ஊர் சுற்றலாம்' என்ற விளம்பரத்துக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். போன மாதம் நானும் மனைவியும் ஏமாந்தோம்.

தப்பு என்னிடமிருந்தே தொடங்கியது. முன்பதிவுத் தளத்தில் தலைக்கு 85 யூரோ கட்டியிருந்தேன். அன்றிரவே வழிகாட்டி வாட்ஸ்அப்பில் வந்தார். "அங்கே ரத்து செய்துவிட்டு என் கணக்குக்கு நேராக அனுப்புங்கள், பத்து யூரோ குறைத்துக்கொள்கிறேன்" என்றார். இருபது யூரோ மிச்சம் என்று நானும் அனுப்பிவிட்டேன்.

மூன்றரை மணி நேரம், எட்டு இடங்களில் சாப்பாடு, பெரும்பாலும் நொவாய் பேட்டையில் என்பது பேச்சு. அல்ஜீரியா, துனிசியா, மேற்கு ஆப்பிரிக்கா என்று கடைகள் நெருக்கியடிக்கும் இடம் அது. 'மார்சேயின் வயிறு' என்றே சொல்வார்கள். நாங்கள் வந்ததே அதற்காகத்தான்.

காலை பத்து மணிக்குப் பழைய துறைமுகத்தில் கூடினோம், பதினான்கு பேர். "நொவாய் சந்தை இன்று விடுமுறை" என்றார் வழிகாட்டி. வியாழக்கிழமை! சரி, ஊர்க்காரர் சொல்கிறாரே என்று பின்னால் நடந்தோம். லெ பனியே மேட்டில் ஏற்றி, ஒரு சோப்புக் கடையில் அரை மணி நேரம் நிறுத்தினார். (கமிஷன் இல்லாமலா?) படகு வடிவத்தில் ஆரஞ்சுப்பூ மணக்கும் 'நவெத்' பிஸ்கட்டை இரண்டு பேருக்கு ஒன்றாக உடைத்துக் கொடுத்தார். ஆளுக்கு ஓர் ஆலிவ் காய். அதுவும் கணக்கில் ஒன்று.

பெரிய கூத்து, மார்சேயின் பேர்போன மீன் குழம்பான பூயாபேஸ்தான். காகிதக் கோப்பையில் வடிகட்டிய மீன் சூப்பை ஊற்றி, இதுதான் பூயாபேஸ் என்றார். அசலில் குறைந்தது நான்கு வகை மீன் வேண்டும். குங்குமப்பூ போட்ட சாறும் மீனும் தனித்தனியாக மேசைக்கு வரும். பூண்டும் மிளகாயும் அரைத்த 'ரூய்' தடவிய ரொட்டி கூடவே இருக்கும். கண்டதையும் அந்தப் பெயரில் விற்கிறார்கள் என்றுதான் 1980இல் உணவகக்காரர்களே கூடி ஒரு சாசனம் எழுதி வைத்தார்கள். நம்மவர் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

இரண்டு மணி நேரத்தில், ஐந்து இடங்களோடு கதை முடிந்தது.

பசி தாங்காமல் கனபியேர் சாலையில் பத்து நிமிடம் நடந்தோம். நொவாய் சந்தை ஜேஜே என்றிருந்தது. புதினாக் கட்டுகள், ஹரிசா என்ற மிளகாய் விழுது, மலைமலையாக ஆலிவ், சூடான ரவை ரொட்டி. வியாழன் விடுமுறையா என்று ரொட்டிக் கடைக்காரரிடம் கேட்டேன், சிரித்தார். இருவரும் வயிறு நிறையச் சாப்பிட்டு 14 யூரோ.

முன்பதிவுத் தளத்தில் புகார் செய்தால், "ரத்து செய்தது நீங்கள்தானே" என்கிறார்கள். நானே அனுப்பிய பணத்தைத் திரும்ப எடுக்க வழியில்லை என்றது வங்கி. அதனால் தளத்துக்கு வெளியே ஒரு காசு அனுப்பாதீர்கள். எந்தெந்தக் கடை, என்ன கிழமை என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சந்தையின் படத்தை எடுத்து வழிகாட்டிக்கு அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் பொம்மை வந்தது. அப்புறம் என் எண்ணைத் தடுத்துவிட்டார்.